விரலக்காவும் ஒரு பிடிவாதக் கழுத்தும்

மாடிப்படி ஏறி வருகிறவரிடம் "என்ன வேலை பாக்கறீங்க?" என்று விரலக்கா கேட்டதே இல்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? மனிதர் வாயால் எதை வேண்டுமானாலும் சொல்வார். குப்புறப் படுக்கவைத்து முதுகில் கட்டைவிரலை ஓட்டினால் இரண்டே நிமிடத்தில் உண்மை வெளியே வந்துவிடும். வலது தோளின் மேல்விளிம்பில் பட்டாணி மாதிரி ஒன்று உருண்டால், ஆள் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் மௌஸ் தேய்க்கிறவர். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் இறுகிக் கிடந்தால், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வேறு வேலை பார்க்கிறவர். தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் நடுவில் என்றால் தையல்காரர், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஒருமுறை ஒரு பெரியவர், "ரிட்டயர் ஆகிட்டேன்மா, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். வேலையெல்லாம் முடிந்து துண்டை நீட்டும்போது விரலக்கா கேட்டாள்: "சும்மா இருக்கறவரோட இடது இடுப்புல யாரு சார் உக்காந்திருக்கா?" மனிதர் அசடு வழிந்தபடி ஒப்புக்கொண்டார். பேத்தியாம், இரண்டு வயதாம், கீழே இறக்கிவிட்டால் வீடே இரண்டாகிவிடுமாம்.

விரலக்கா என்பது அவள் அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வைத்தது. அந்தக் கட்டடத்தில் கீழே ஜெராக்ஸ், நடுவில் பல் டாக்டர், உச்சியில் இவள். இவள் இருப்பது ஒற்றை அறை. பச்சைத் திரை, சுவர்க் கடிகாரம், இரண்டு வெந்நீர்ப் பை, வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும் எண்ணெய்ப் பாட்டில், அப்புறம் தலைமாட்டில் வட்டமாக ஓட்டை போட்ட கட்டில். கட்டில் செய்த தச்சர் அளவு எடுக்கும்போதே முகத்தைச் சுளித்தாராம். "நல்ல கட்டில்ல எதுக்கும்மா ஓட்டை?" என்றாராம். "மூக்கு வைக்க" என்றாளாம் இவள். அவர் கடைசிவரை நம்பவில்லை. கட்டிலைக் கொண்டுவந்து போட்ட அன்று தானே படுத்து, மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தபிறகுதான் கிளம்பினார்.

அந்த அறையில் இன்னொரு சங்கதியும் உண்டு. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: "இங்கே பேசாதீர்கள்." புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து, ஐயோ, அம்மா கறார் பேர்வழி போலிருக்கிறது என்று பயப்படுவார்கள். உண்மை என்னவென்றால், அந்தப் பலகை அவளுக்காக அவளே மாட்டிக்கொண்டது. தொழில் தொடங்கிய புதிதில் அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டேதான் அமுக்குவாள். கேட்டால் பதில் சொல்லத்தானே செய்வார்கள்? பதில் சொல்லத் தொடங்கியதும் இளகிவந்த தோள் மறுபடியும் விறைக்கும். பத்து நிமிடப் பாடு ஒரு "ஆமாங்க"வில் வீணாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வருடம் ஆனது. கண்டுபிடித்த மறுநாளே பலகை வந்துவிட்டது.

பேச்சையெல்லாம் வேலை முடிந்ததும் தண்ணீர் கொடுக்கும்போதுதான் வைத்துக்கொள்வாள். அப்போது யாராவது "இந்த முடிச்சு எதனாலம்மா வருது?" என்று கேட்டுவிட்டால் போதும்.

"சதைக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு சார். சுருங்கும், விரியும். நாள் பூரா ஒரே மாதிரி உக்காந்தா, சுருங்கின நார் கொஞ்சம் விரியவே மறந்துடுது. அந்த இடத்துல ரத்தம் சரியா ஓடறதில்ல. ஓடலேன்னா வலி. வலிச்சா நாம அந்தப் பக்கத்தை அசைக்காம பொத்திப் பொத்தி வெச்சுக்கறோம், அது இன்னும் இறுகுது. கவலைப்பட்டாலும் இறுகும். தோளைக் காது வரைக்கும் தூக்கிக்கிட்டுதானே கவலைப்படறோம்? நான் ஒண்ணும் முடிச்சை அவுக்கல. சூடு போட்டு, விரலை மெல்ல இறக்கி, அப்படியே நிக்கறேன். அரை நிமிஷம், ஒரு நிமிஷம். 'பயப்படாதே, விடு'ன்னு சொல்ற மாதிரி. அதுவா விடும். அடிச்சுப் பிடிச்சு அமுக்கினா விடாது, முறைச்சுக்கும். இப்படித்தான்னு டாக்டருங்களே இன்னும் அடிச்சுச் சொல்லல சார், ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என் விரலுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

அவளுக்கும் இது ஏட்டில் படித்து வந்த சமாச்சாரம் இல்லை. பத்து வருடம் ரெடிமேட் சட்டை கம்பெனியில் காலர் தைத்தவள். சட்டையின் மற்ற பாகங்களைத் தொட்டதே கிடையாது, வெறும் காலர். ஒருநாள் காலையில் எழுந்து தலைவாரக் கையைத் தூக்கினாள், கை வரமாட்டேன் என்றது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருந்த ஒரு நர்ஸ் மூன்று வாரம் அவள் தோளோடு மல்லுக்கட்டினாள். கை மேலே போய்ச் சீப்பு தலையில் பட்ட அன்று விரலக்கா சின்னப்பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்த கையோடு, "இதை எங்க சொல்லித் தராங்க?" என்று கேட்டாள். ஒரு வருடம் மாலை வகுப்பு. காலருக்குக் கும்பிடு போட்டுவிட்டு இந்த மாடிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது.

ஆக, காலை பத்திலிருந்து ஆறு வரை அவள் வாயைத் திறப்பது ஆளுக்கு ஐந்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் பலகை. பேசியே பழக்கப்பட்ட வாய் எட்டு மணி நேரம் மூடிக்கிடந்தால் என்ன ஆகும்? அத்தனையும் சேர்ந்து மாலையில் வீட்டில் கொட்டும். கொட்டுவதற்கென்றே அங்கே ஒரு மனிதர் இருந்தார்.

அவர் பஸ் டிப்போ பணிமனையில் மெக்கானிக். இருபத்தொன்பது வருட சர்வீஸ். பேச்சில் இவளுக்கு நேர் எதிர். "ம்" என்பதை எட்டு விதமாகச் சொல்லியே ஒரு நாளை ஓட்டிவிடுவார். கல்யாணமான புதிதில் அந்த எட்டையும் பிரித்தறிய இவளுக்கு ஆறு மாதம் பிடித்தது. ஆனால் டிப்போவில் அவருக்கு "டாக்டர்" என்று பெயர். எந்த பஸ்ஸிலாவது இன்னதென்று புரியாத சத்தம் வந்தால் கூப்பிடு டாக்டரை. நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். திறக்கும்போது, "மூணாவது இன்ஜெக்டர்" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான்.

அப்பேர்ப்பட்டவரின் கழுத்து ஆறு மாதமாக இடது பக்கம் திரும்ப மறுத்தது. வலது பக்கம், பின்கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. இடது பக்கம் பார்க்கவேண்டுமானால் உடம்பை மொத்தமாகத் திருப்பினார். குழிக்குள் இறங்கி பஸ்ஸின் அடிவயிற்றை அண்ணாந்து பார்க்கிற வேலையில் இப்படி எத்தனை நாள் சமாளிப்பது? டிப்போ மேனேஜர் கவனித்துவிட்டார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் மெடிக்கல் பரிசோதனைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. "கழுத்து திரும்பலேன்னா டாக்டர் கையெழுத்துப் போட மாட்டாங்க, அப்புறம் ஸ்டோர்தான்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டோர் என்றால் கம்பி போட்ட ஒரு ஜன்னல். வெளியிலிருந்து சீட்டு வரும், உள்ளேயிருந்து நட்டும் போல்ட்டும் போகும். ஓய்வு பெறும்வரை அதேதான். அன்றைக்கு மெக்கானிக் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"ஸ்டோர்ல உக்கார வெச்சா செத்துடுவேன்."

விரலக்கா தட்டைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினாள். "அட, ஊர்ல இருக்கறவன் கழுத்தையெல்லாம் திருப்பறேன், உங்க கழுத்து என்ன பெரிய கழுத்து? பன்னிரண்டு நாள் எதுக்கு, நாலே நாள்" என்றாள்.

மறுநாள் மாலையே தொடங்கினாள். சமையலறை மேஜையில் இரண்டு தலையணையை அடுக்கி, அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, நெற்றியைத் தலையணையில் கவிழ்க்கச் சொன்னாள். அவருக்கு இடது பக்கம் ஃபிரிட்ஜ், நிற்க இடமில்லை. வலது பக்கம் நின்றுகொண்டாள். வெந்நீர்ப் பை, எண்ணெய், கட்டைவிரல். கூடவே பேச்சு. வாடிக்கையாளர்தான் பேசக்கூடாது, புருஷனிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது? ஜெராக்ஸ் கடையில் மை தீர்ந்துபோய்க் கல்லூரிப் பிள்ளைகள் போட்ட கூச்சல், வெளியூரில் படிக்கும் மகள் போனில் சொன்ன கதை, பல் டாக்டரின் உதவியாளர் மறுபடியும் சாவியைத் தொலைத்தது, எல்லாம் வரிசையாக வந்தது. அவர் தலையணைக்குள்ளிருந்து சரியான இடத்தில் சரியான "ம்" போட்டார். "கேக்கறீங்களா?" என்றால், "சாவி தொலைஞ்சுது" என்று திருப்பிச் சொன்னார். ஒரு விஷயம் விட்டுப்போகவில்லை.

முடிச்சும் விட்டுப்போகவில்லை. நாலு நாள் ஆயிற்று. விரலுக்கடியில் லேசாக இளகுகிற மாதிரி வரும், உடனே துள்ளி விறைத்துக்கொள்ளும். அவளுடைய பன்னிரண்டு வருட அனுபவத்தில் இப்படி ஒரு சண்டிக் கழுத்தைப் பார்த்ததில்லை. அந்த நாலாம் நாளே அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. முழங்கையை வைத்து ஒரே அழுத்து. மெக்கானிக் "யம்மா!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. மறுநாள் அந்த இடம் நீலம் பாரித்துப்போய், கழுத்து வலது பக்கமும் திரும்புவேனா என்றது. சதையிடம் கோபப்படக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் செய்த காரியம் இது. தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு, அன்று வெறும் வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுத்தாள்.

இப்படி அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சனிக்கிழமை கடைவாய்ப் பல் வலியில் உயிர் போயிற்று. நடு மாடிக்கு இறங்கினாள். பல் டாக்டர் அவளுடைய வாடிக்கையாளர்தான். குனிந்து குனிந்து வலது விலாப்பக்கம் பிடித்துக்கொண்டு மாதம் இரண்டு முறை மேலே வருகிறவர். பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, "நாளைக்குக் காலைல வரைக்கும் பேசவே கூடாது. உங்க பலகையை என் சார்பா மாட்டிக்குங்க" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிக்கவும் வழியில்லை.

அன்று மாலை வாயில் பஞ்சோடு, வீங்கிய கன்னத்தோடு, ஊமையாக நின்று அவர் கழுத்தில் விரலை வைத்தாள். ஃபிரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. எட்டாவது நிமிடமோ ஒன்பதாவதோ, நெல்லிக்காய் விரலுக்கடியில் மெல்ல வழுக்கியது, பரவியது, காணாமல் போனது. மெக்கானிக் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். எழுந்து இடது பக்கம் திரும்பினார். முக்கால்வாசி திரும்பியது! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பேச முடியாமல் மேஜையை இரண்டு கையாலும் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வாய் சரியாகிவிட்டது. ஒன்றரை நாள் பேச்சு பாக்கி. பேசிக்கொண்டே உற்சாகமாக விரலை வைத்தாள். முடிச்சு பழையபடி கல்லாக எழுந்து வந்து நின்றது.

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் பல் வலியையோ எண்ணெயையோ குறை சொல்லியிருப்பார்கள். விரலக்கா திங்கட்கிழமை முழுக்க யோசித்தாள். பேசினால் விறைக்கிறது, பேசாவிட்டால் விடுகிறது. ஆனால் பேசுகிறது இவள், அவர் இல்லையே! மற்றவர்கள் தோள் விறைப்பது அவர்கள் பேசும்போது. இவருக்கு ஏன் கேட்கும்போது விறைக்கவேண்டும்? கேட்பதற்குக் கழுத்து எதற்கு?

அன்று மாலை அவர் தலை கவிழ்ந்ததும், விரலை முடிச்சின் மேல் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். தசை அடங்கியது. பிறகு சாதாரணக் குரலில், "இன்னைக்கு ஜெராக்ஸ் கடை மூடியிருந்துச்சு" என்றாள். விரலுக்கடியில் தசை உடனே திரண்டது. தலையணைக்குள் அவர் தலை வலது பக்கமாக, கண்ணுக்கே தெரியாத அளவு, ஒரு நூல் திரும்ப முயன்றது. பழக்கத்தில் இடது காதை அவள் பக்கம் கொண்டுவரப் பார்க்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வயிற்றை எக்கி, ஃபிரிட்ஜுக்கும் அவருக்கும் நடுவில் புகுந்து இடது பக்கம் போனாள். கையை மட்டும் நீட்டி அதே முடிச்சில் விரல். "காலைல திறப்பாங்களாம்" என்றாள். தசை அசையவில்லை. நிம்மதியாகப் படுத்துக் கிடந்தது. "ம்" மட்டும் வந்தது.

திரும்ப வலது பக்கம் வந்தாள். குனிந்து, அவர் வலது காதுக்கு ஒரு சாண் தள்ளி, மூச்சுக் குரலில் சொன்னாள். "உங்க அக்கா குடும்பத்தோட வந்து ஒரு மாசம் தங்கப் போறாங்களாம்." ஒன்றுமில்லை. தசையும் எழவில்லை, "ம்"மும் வரவில்லை. மறுபடியும் ஃபிரிட்ஜ் இடுக்கில் நுழைந்து, இடது காதில் அதே வார்த்தையை அதே மூச்சில் சொன்னாள். மெக்கானிக் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எப்போ?"

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் அவள்.

"என்ன எத்தனை நாளா? அக்கா எப்ப வருதுன்னு கேக்கறேன்."

"யாரும் வரல. வலது காது எத்தனை நாளா கேக்கல?"

அவர் திருதிருவென்று விழித்தார். ஸ்டூலை நிமிர்த்தி வைத்தார். தலையணையைத் தட்டினார். ஒரு "ம்"மும் உதவிக்கு வரவில்லை. கடைசியில், "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார். "லாரி டயர் ஒண்ணு பக்கத்துல வெடிச்சுது. அன்னைக்குப் பூரா ஙொய்னு ஒரு சத்தம். ஒரு வாரத்துல அந்தச் சத்தமும் போச்சு, மத்த சத்தமும் போச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் மறுபடியும் தலையணையைத் தட்டினார். அவள் தலையில் கைவைத்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம், வெட்கம், அழுகை மூன்றும் ஒரே நேரத்தில் வந்தன. "முன்னபின்ன தெரியாதவங்க முதுகையெல்லாம் தடவித் தடவி இவங்க இன்ன வேலை, அவங்க இன்ன வேலைன்னு பீத்திக்கிட்டேன். ரெண்டு வருஷமா எதிர்ல உக்காந்து சாப்பிடற மனுஷனுக்குக் காது கேக்கலேன்னு தெரியலையே! நான் ஒரு மசாஜ்காரியா?"

அவர் சமாதானமாகச் சொன்னார். "எனக்கு எல்லாம் கேட்டுச்சு. கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். டிப்போல ஸ்குரூ டிரைவரை இடது காதுக்கு மாத்திக்கிட்டேன், ஒருத்தனும் கவனிக்கல. கழுத்து மட்டும் சரியாச்சுன்னா மெடிக்கல்லயும் சமாளிச்சுடுவேன். அங்க பின்னால நின்னு ரெண்டு காதுலயும் மெதுவா நம்பர் சொல்வாங்க. லேசா தலையைத் திருப்பினா இடது காதுலயே ரெண்டையும் வாங்கிடலாம். போன தடவை அப்படித்தான் ஒருத்தர் தப்பிச்சார்."

விரலக்காவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. கழுத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவர் காதை மறைத்துவிடுவார். மறைத்தால், அதற்காகவே மறுபடியும் கழுத்தைத் திருப்பித் திருப்பி, இன்னும் ஆறு மாதத்தில் இதே ஸ்டூலுக்கு வந்து நிற்பார். கழுத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமை மெடிக்கலிலேயே ஸ்டோர். மனிதரைக் காப்பாற்றுவதா, மாட்டிவிடுவதா? எழுந்து தலையணையைச் சரியாக வைத்தாள்.

"உக்காருங்க. கழுத்து என் வேலை, நான் பாத்துக்கறேன். காது உங்க வேலை. பொய் சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்."

செவ்வாய், புதன், வியாழன் மூன்று மாலையும் அந்தச் சமையலறையில் பேச்சே இல்லை. அவளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளுக்குத்தான் தெரியும். ஒத்தடம், விரல், மூச்சு. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "என்னக்கா, சண்டையா?" என்று கேட்டாள். வியாழன் மாலை மெக்கானிக்கின் தாடை இடது தோளைத் தொட்டது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவளும் போனாள். அறையை அரை நாள் பூட்டி வைத்திருந்தாள். தாழ்வாரத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து பார்த்தால், பாதி திறந்த கதவு வழியாக உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவருடைய முதுகும் பின்கழுத்தும் தெரிந்தன. டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். சுறுசுறுப்பாக இருந்தார்.

"இடது பக்கம் திரும்புங்க. வலது. மேல பாருங்க. கீழ. நல்லா திரும்புதே, யாரு சொன்னாங்க கழுத்துல பிரச்னைன்னு?" என்று படிவத்தில் ஒரு கோடு போட்டார். விரலக்கா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெருமைப்பட அவளுக்கு ஐந்து விநாடிதான் கிடைத்தது.

டாக்டர் எழுந்து அவருக்குப் பின்னால் வந்தார். இடது பக்கம் குனிந்து, வெளியே கேட்காத குரலில் ஏதோ சொன்னார். "நாப்பத்தி ரெண்டு" என்று மெக்கானிக்கின் குரல் கேட்டது. டாக்டர் வலது பக்கம் நகர்ந்தார், குனிந்தார், உதடு அசைந்தது.

விரலக்கா அந்தப் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம், அவள் பத்து மாலை விரல் வைத்த அதே இடத்தில், தசை மெல்லத் திரண்டு எழுந்தது. ஒரு நூல் திரும்பினால் போதும். எண் இடது காதில் வந்து விழுந்துவிடும். கையெழுத்து விழும், ஸ்டோர் இல்லை, ஒன்றும் இல்லை. திருப்புங்களேன் என்று ஒரு மனசு கெஞ்சியது. இன்னொரு மனசு கடவுளே, கடவுளே என்றது.

தசை இறங்கியது. கழுத்து நேராக இருந்தது.

"இந்தப் பக்கம் கேக்காதும்மா" என்றார் மெக்கானிக். "ரெண்டு வருஷமா கேக்கல."

டாக்டர் முன்னால் வந்து உட்கார்ந்து, பேனாவை மூடினார், திறந்தார். எப்படி ஆயிற்று, யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். யாரிடமும் காட்டவில்லை என்றதும் நன்றாகத் திட்டினார். அப்பா வயது ஆளைப் பத்து நிமிடம் நிற்காமல் திட்ட அந்தப் பெண்ணால் முடிந்தது. விரலக்காவுக்கு எழுந்துபோய்க் கைகொடுக்கவேண்டும் போல இருந்தது.

"அப்ப ஸ்டோர்தானா?" என்று அவர் கேட்டது வெளியே கேட்டது. அந்தக் குரலை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு ஸ்டோர்? கழுத்து நல்லா திரும்புது, கை கால் நல்லா இருக்கு, இடது காது பிரமாதமா இருக்கு" என்றார் டாக்டர். "பணிமனை வேலைக்குத் தகுதின்னு போடறேன். ஆனா ரெண்டு விஷயம் கீழ எழுதறேன். வேலை செய்யும்போது காதுக்கு மூடி போடணும், அந்த ஒரு காதையாவது காப்பாத்திக்குங்க. ரோட்ல பஸ்ஸை எடுத்துப் பாக்கற வேலை இனிமே வேண்டாம், அதை வேற ஆள் பாக்கட்டும். திங்கக்கிழமை காது டாக்டரைப் பாருங்க. இதை மறைச்சுக் கையெழுத்து வாங்கியிருந்தீங்கன்னு நாளைக்குத் தெரிஞ்சிருந்தா, ஸ்டோர் இல்ல, வேலையே போயிருக்கும்."

வெளியே வந்து வாசலைத் தாண்டினார்கள். சாலையோர நிழலில் அவள் நின்றாள்.

"கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. டிப்போல மறைச்சீங்க, சரி, வேலை போயிடும்னு பயம். என்கிட்ட என்ன பயம்? நான் என்ன ஸ்டோருக்கா அனுப்பிடுவேன்?"

அவர் செருப்பைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சா நீ பாவம் பாத்துப் பேச்சைக் குறைச்சுடுவே. 'ஐயோ, அவருக்குச் சிரமம்'னு ஒவ்வொண்ணா விட்டுடுவே. நாள் பூரா எஞ்சின் சத்தத்துல நின்னுட்டு வரேன். சாயங்காலம் நீ பேசறதைக் கேக்கத்தான் வீட்டுக்கு வரேன். அதுல ஒரு வார்த்தை கூட விட்டுடக் கூடாதுன்னுதான் கழுத்தைத் திருப்பிக்கிட்டே இருந்தேன். இந்த மூணு நாளா வீடு எப்படி இருந்துச்சு தெரியுமா? பயமா இருந்துச்சு."

இருபத்துநாலு வருடக் குடும்பத்தில் அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசியதில்லை. விரலக்கா அந்தச் சாலையோரத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்க, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இந்த மனுஷன் "ம்" "ம்" என்று சும்மா தலையாட்டிக்கொண்டிருக்கிறார் என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறாள்! அவர் அவசரமாகக் கர்ச்சீப்பைத் தேடி எண்ணெய்க் கறை படிந்த ஒன்றை நீட்டினார்.

"அழாதே. ஏதாவது பேசு."

"என்ன பேசறது?"

"என்ன வேணா. காலைலேர்ந்து ஒண்ணுமே சொல்லலியே."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். அந்த டாக்டர் பெண் ஓயாமல் இடது கையால் எழுதுகிறாள், இடது தோளில் கட்டாயம் ஒரு முடிச்சு இருக்கும், யாராவது சொல்லி மாடிக்கு அனுப்பினால் தேவலை என்று ஆரம்பித்தாள். அவர் கழுத்தை எந்தப் பக்கமும் திருப்பாமல், சாலையை நேராகப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே நடந்தார்.